தம்புராவை வைத்து ஓர் ஆம்ப்ளிஃபயரை எடைபோடுதல்

ஆடியோலேப் 6000ஏ ஆம்ப்ளிஃபயரும், அதன் இணையாக, சிடியைப் படித்துக் கொடுக்கும் 6000சிடிடி சிடி டிரான்ஸ்போர்ட்டும் மொரிசியஸின் ரோஸ்ஹில்லில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் சில மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றைப் பற்றி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்ட மதிப்புரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றை எழுதியவர்கள் ஜாஸ், ராக், பியானோ இசைத் தட்டுகளைப் போட்டுக் கேட்டு முடிவு சொன்னவர்கள். நாம் கேட்பது கச்சேரிப் பதிவுகளும், நாகசுவரமும், பழைய திரைப்பாடல்களும். ஆகையால் அவர்களுடைய தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நம் இசையை நம் கூடத்தில் வைத்துக் கேட்டுத்தான் இந்தக் கருவிகளை எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதிலும் குறிப்பாக, ஓர் ஆம்ப்ளிஃபயரின் உண்மையான தரம் சத்தத்தைக் கூட்டும்போது தெரிவதில்லை. சத்தத்தைக் குறைத்து, பாடகரின் குரலுக்குப் பின்னால் தம்புரா எவ்வளவு முழுமையாக நிற்கிறது என்று கவனிக்கும்போதுதான் தெரிகிறது.

முதலில் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடியோலேப் 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பிறந்த நிறுவனம். 1983இல் வந்த 8000ஏ என்னும் ஆம்ப்ளிஃபயர்தான் அதற்குப் பெயர் வாங்கித் தந்தது. பின்னர் டேக் மெக்லாரன் குழுமத்தின் கைக்குப் போய், 2004இல் ஐஏஜி என்னும் சீன நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. இன்று வடிவமைப்பு பிரிட்டனில், உற்பத்தி சீனாவில். இதைக் காரணமாகச் சொல்லி இது பிரிட்டிஷ் கருவியே அல்ல என்று வாதிடுவோர் உண்டு. எசெக்ஸ் கடற்கரையிலுள்ள சவுத்எண்டில் இன்றும் கருவிகளைத் தயாரிக்கும் ரேகாவைப் போன்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டால் அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. என்றாலும், வாட் எண்ணிக்கையைக் காட்டி மயக்காமல், மின்வழங்கலில் பணத்தைச் செலவிட்டு, முன்பக்கத்தில் குமிழ்களைக் குறைத்து வைப்பது என்ற பிரிட்டிஷ் ஆம்ப்ளிஃபயர் மரபு இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. 1968இல் கேம்பிரிட்ஜ் ஆடியோ தன் பி40 ஆம்ப்ளிஃபயரில் டோராய்டல் டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்திய நாளிலிருந்து அந்த வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர் இவ்வகைக் கருவிகளின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 6000ஏவிலும் அதுதான் உள்ளே இருக்கிறது.

8 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனல் ஒன்றுக்கு 50 வாட், 4 ஓமுக்கு 75 வாட் என்பது இதன் திறன். கடைக்குப் போகும் நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, 'ஐம்பது வாட் போதுமா?' என்பதே. இதற்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. ஒரு வாட்டுக்கு 86 டெசிபெல் தரும் நடுத்தரமான ஸ்பீக்கரில், மாலை வேளையில் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கும் அளவுக்குச் சராசரியாக அரை வாட்டுக்கும் குறைவாகவே செலவாகிறது. ஆனால் மிருதங்கத்தின் ஓர் அழுத்தமான அடி அந்தச் சராசரியைவிட 20 டெசிபெல் மேலே எழக்கூடும். 20 டெசிபெல் என்றால் நூறு மடங்கு சக்தி. 0.3 வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபயர் அந்த ஒரு கணத்துக்கு 30 வாட் தந்தாக வேண்டும். 50 வாட் அதற்குப் போதும். அதை இரட்டிப்பாக்கி 100 வாட் வாங்கினாலும் கிடைப்பது 3 டெசிபெல் கூடுதல் மட்டுமே. அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்குச் செலவிடுவதே மேல்.

இனி அறையைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனெனில் இங்கே பாதி முடிவை அறையே செய்துவிடுகிறது. 1960இல் அலிக்ஸ், கரோல் என்னும் இரு புயல்கள் அடுத்தடுத்து இந்தத் தீவைச் சூறையாடிய பிறகு, மர வீடுகளும் தகரக் கூரைகளும் படிப்படியாக மறைந்து, கான்கிரீட் சுவரும் தட்டையான கான்கிரீட் கூரையும் மொரிசியஸ் வீடுகளின் வழக்கமாயின. புயலுக்கு அது காவல். ஆனால் இசைக்கு அது பெரும் இடையூறு. எங்கள் கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினால், இரு பக்கச் சுவர்களுக்கும் இடையே ஒலி ஓடி ஓடிச் 'சர்ர்ர்' என்று தேய்ந்து மறைவதைத் தெளிவாகக் கேட்கலாம். அந்த எதிரொலி வயலினின் மேல் ஸ்தாயியைக் கூர்மையாக்கிக் காதைக் குத்த வைக்கும். அதைக் கேட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயர் சரியில்லை என்று முடிவு கட்டுவது எளிது. தரைக்கு ஒரு கனமான விரிப்பு, அலுமினிய ஜன்னலுக்குத் தடித்த திரை, ஒரு பக்கச் சுவரை ஒட்டிப் புத்தக அலமாரி, இவற்றை அமைத்து, ஸ்பீக்கர்களைப் பின்சுவரிலிருந்து இரண்டு அடியாவது முன்னே இழுத்து வைத்த பிறகே நான் மதிப்பிடத் தொடங்கினேன்.

இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அரை டெசிபெல் கூடுதலாக ஒலிப்பது சத்தமாகத் தோன்றாது, தரமாகத் தோன்றும். கடைகளில் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பெரியப்பாவின் பழைய ஜப்பானிய ஆம்ப்ளிஃபயரை எதிரில் வைத்து, 1 கிலோஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டின் மின்னழுத்தமும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகும்படி அமைத்துக்கொண்டேன். அது ஏறத்தாழ 0.1 டெசிபெல், காதுக்கு எட்டாத வேறுபாடு. எது ஓடுகிறது என்பதைச் சொல்லாமல் மாற்றும் பொறுப்பை மச்சான் ஏற்றுக்கொண்டார்.

சோதனைக்கு எடுத்தது ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியின் சிடி. தம்புராவில் நான்கு தந்திகள், பஞ்சமமும் மூன்று ஷட்ஜமும். தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகிய மெல்லிய நூலால் எழும் ஜீவாவில்தான் அந்த வாத்தியத்தின் உயிரே இருக்கிறது. ஒரு தந்தியை மீட்டியதும் மேற்சுரங்கள் ஒவ்வொன்றாக விரிந்து, அடுத்த தந்தி மீட்டப்படும்வரை ஒன்றின் மேல் ஒன்றாகக் கரைந்துகொண்டே வரும். இவையெல்லாம் மிக மெல்லிய ஒலிகள். ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலோ, மின்வழங்கலிலிருந்து கசியும் முணுமுணுப்போ சற்றே அதிகமாக இருந்தாலும் முதலில் மூழ்கிப்போவது இந்த மேற்சுரங்கள்தான். பழைய ஆம்ப்ளிஃபயரில் தம்புரா சுருதியாக மட்டும் கேட்டது. பாடகர் ராகத்தில் ஆழ்ந்ததும் அது பின்னணியில் காணாமல் போனது. 6000ஏவில் குரல் உச்சத்தில் இருந்தபோதும் ஒவ்வொரு தந்தியையும் தனியே பின்தொடர முடிந்தது. பாடகர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், "தம்பி, இப்ப சுருதி கூடத்துல நிறைஞ்சு நிக்குதே!" என்று பெரியப்பா வியந்தார். எந்தக் கருவி ஓடுகிறது என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது. இந்த ஒன்றுக்காகவே இந்த ஆம்ப்ளிஃபயரை நான் மனமாரப் பாராட்டுவேன்.

மிருதங்கத்தில் வலந்தலையின் 'நம்', 'தீம்' சொற்கள் இரண்டு கருவிகளிலும் நன்றாகவே வந்தன. வேறுபாடு இடந்தலையில் இருந்தது. கும்கி கொடுக்கும்போது மணிக்கட்டின் அழுத்தத்தால் சுருதி மேலேறி வளைகிறது. அந்த வளைவு முழுவதும் தாழ்ந்த அதிர்வெண்ணில் நடப்பதால், ஸ்பீக்கரின் கூம்பைத் தன் பிடியில் வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபயரால்தான் அதைச் சரியாகத் தர இயலும். 6000ஏவில் கும்கி தொடங்கும் இடமும் முடியும் இடமும் தெளிவாக இருந்தன. தவிலும் நாகசுவரமும் சேர்ந்த மல்லாரியைப் போட்டுச் சத்தத்தைக் கணிசமாக ஏற்றியபோதும் ஒலி தடிக்கவில்லை. கோயில் மண்டபத்தில் நேரில் நின்று கேட்கும் அந்த வீச்சு எந்த வீட்டு ஸ்பீக்கரிலும் வராது; சீவாளியின் நாணல் அதிர்வு மழுங்காமல் வந்தால் போதும், வந்தது.

பழைய திரைப்பாடல்களுக்கு வரும்போது என் பாராட்டில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒற்றைச் சேனலில் பதிவான பாடல்களைப் பிற்காலத்தில் இரைச்சல் நீக்கி, ஒலியை நெருக்கிச் சத்தமாக்கி வெளியிட்ட சிடிக்கள் நம்மிடம் ஏராளம். அவற்றின் கரகரப்பை இந்த ஆம்ப்ளிஃபயர் ஒளிக்காமல் காட்டிவிடுகிறது. ட்ரெபிளைச் சற்றே தணித்தால் இதமாக இருக்கும். ஆனால் இதில் பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் இல்லை. சமிக்ஞை செல்லும் பாதையைச் சுருக்குவதற்காக அவற்றை நீக்குவது பிரிட்டிஷ் வடிவமைப்பாளர்களில் பலரின் கொள்கை. நல்ல பதிவுகளை மட்டுமே கேட்பவர்களுக்கு அது பொருந்தும். நம் திரையிசைச் சேமிப்புக்குப் பொருந்தாது என்றே சொல்வேன். உங்கள் வீட்டில் ஓடுவது பெரும்பாலும் பழைய பாடல்கள் என்றால், அந்தக் குமிழ்களோடு வரும் கேம்பிரிட்ஜ் ஆடியோ ஏஎக்ஸ்ஏ35 போன்ற ஒன்றையும் கேட்டுப் பாருங்கள்.

6000சிடிடி முழுமையான சிடி பிளேயர் அல்ல. அது தட்டைப் படித்து எண்களாக மட்டும் வெளியே அனுப்பும். அந்த எண்களை இசையாக்கும் டேக் (DAC) என்னும் மாற்றி, ஆம்ப்ளிஃபயருக்குள் ஈஎஸ்எஸ் நிறுவனத்தின் 9018கே2எம் சில்லாக இருக்கிறது. இரண்டையும் கோஆக்சியல் கம்பியோ ஆப்டிகல் கம்பியோ இணைக்கும். இந்த அமைப்பில் டிரான்ஸ்போர்ட்டுக்கென்று தனிக் குரல் இருப்பதாகச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட் என்று தட்டில் உள்ள எண்கள் பிழையின்றி வந்துவிட்டால், மிச்சமெல்லாம் டேக்கின் வேலை. ஆகவே டிரான்ஸ்போர்ட்டைச் சோதிக்க நல்ல தட்டுகள் பயன்படா. கீறல் விழுந்தவற்றையே போட்டுப் பார்க்க வேண்டும்.

தட்டின் தடத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்தாலும் அதை முழுமையாக மீட்டுவிடும் பிழைதிருத்த முறை சிடியின் அடிப்படை வடிவத்திலேயே இருக்கிறது. மையத்திலிருந்து விளிம்பை நோக்கிச் செல்லும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே அழிப்பதால் பெரும்பாலும் தீங்கில்லை. தடத்தோடு வட்டமாகச் செல்லும் கீறல்தான் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. தட்டைத் துடைக்கும்போது சுற்றித் துடைக்காமல் மையத்திலிருந்து வெளிநோக்கித் துடைக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். என்னிடமிருந்த மோசமான தட்டுகளை 6000சிடிடி பதறாமல் படித்தது. பழைய பிளேயர் தாவிய இடங்களைக்கூட ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றைத் தடையின்றிக் கடந்தது. முன்கூட்டியே படித்துச் சேமித்துக்கொள்ளும் ஏற்பாடு இதில் இருப்பது இங்கே உதவியிருக்க வேண்டும்.

இதில் தட்டு வைக்கும் டிரே கிடையாது; முகப்பிலுள்ள பிளவில் நுழைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். நம்மவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். காவடித் திருவிழா, திருமணம், அரங்கேற்றம் போன்றவற்றின் பதிவுகளைச் சிடி-ஆரில் எடுத்து, மேலே தாள் லேபிள் ஒட்டிக் கொடுக்கும் வழக்கம் இங்கே நெடுநாள் இருந்தது. இந்த ஈரப்பதத்தில் அந்த லேபிளின் ஓரம் எழும்பிவிடும். அத்தகைய தட்டைப் பிளவுக்குள் விட்டால் திரும்பி வரும் என்று நம்ப இயலாது. அவற்றைக் கணினியில் படித்துச் சேமித்துக்கொள்வதே பாதுகாப்பு. சிடி-ஆரின் சாயம் வெயிலிலும் வெக்கையிலும் மங்கிக்கொண்டே போவதால், அதையும் தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள்.

நமது தட்பவெப்பத்துக்காக இன்னும் சில செய்திகள். பிரிட்டிஷ் மூன்று முனைப் பிளக் நம் வீட்டுச் சுவரில் நேரடியாகப் பொருந்திவிடும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதும் அங்கும் இங்கும் ஒன்றே. ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது மிதமாகச் சூடாகும். டிரான்ஸ்போர்ட்டை அதன் தலைமேல் அடுக்காமல் தனித் தட்டில் வைத்து, மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கடலோரத்தில் வசிப்பவர்கள் ஒலிக்கம்பிகளின் ஆர்சிஏ இணைப்புகளை அவ்வப்போது கழற்றி மாட்டினால் உப்புக்காற்றால் படியும் களிம்பு உரசி நீங்கும். புயல் எச்சரிக்கை வந்தால், ரிமோட்டில் அணைத்ததோடு நிற்காமல் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

டேக்கில் மூன்று வடிகட்டி அமைப்புகள் உள்ளன. மூன்றுக்கும் என் காதில் வேறுபாடு தெரியவில்லை. எல்பி தட்டுகளுக்கான ஃபோனோ உள்ளீடு தெளிவானது. புளூடூத் இருக்கிறது. கணினியை நேரடியாக இணைக்க யூஎஸ்பி உள்ளீடு இல்லை. அதனால், சிடிக்களைக் கைவிட்டுக் கணினியிலிருந்தே கேட்கும் வீட்டுக்கு இந்த இணையை நான் பரிந்துரைக்கமாட்டேன். சென்னைக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் வாங்கிச் சேர்த்த கச்சேரிச் சிடிக்கள் அலமாரி நிறைய இருந்து, அவற்றைப் பதிவான அளவுக்கு முழுமையாகக் கேட்க விரும்பும் வீடு என்றால், இரண்டையும் சேர்த்தே வாங்கலாம். ஒன்றை மட்டும் வாங்கவே பணம் இருந்தால், ஆம்ப்ளிஃபயரை முதலில் வாங்கி, உங்களிடமுள்ள பழைய டிவிடி பிளேயரின் கோஆக்சியல் வெளியீட்டை அதில் இணைத்துச் சில காலம் கேட்கலாம்.