பிடித்திருந்தது

"ஏழு வருஷம் கழிச்சு அவனே எடுத்துக் கொடுத்தா, அது கொடுத்ததுன்னு ஆகுமா மேம்?"

அந்தப் பெண் இதைக் கேட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. நான் சொன்ன பதில் இது: "கேக்கறவங்க அதையெல்லாம் எண்ணிட்டு இருக்க மாட்டாங்கம்மா."

பதில் தப்பில்லை. யாரும் எண்ணவில்லை. தொடர் முடிந்த வாரத்தில் வந்த பின்னூட்டங்களை நானே உட்கார்ந்து படித்தேன். கடைசி எபிசோடில் அழுதுவிட்டதாகப் பலர் எழுதியிருந்தார்கள். இப்படி ஒரு கணவன் கிடைக்க வேண்டும் என்று சிலர். ஏழு வருடம் எங்கே போயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் கணிப்பு அப்படியே பலித்திருந்தது. அதுதான் உறுத்துகிறதோ என்னவோ.

ஒரு ஆடியோ தொடர் கம்பெனியில் பாராநார்மல் ரொமான்ஸ் கதைகள் என் பொறுப்பில் இருந்த சமயம். பேய்க் காதலன், நாகினி, ஓநாயாக மாறும் தொழிலதிபர் என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் இவள் ஒருத்தி ஆர்க்னி தீவுக் கதையோடு வந்தாள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் தீவுகள் அவை. சீல் என்கிற கடல் விலங்குக்கே அங்கே செல்கி என்றுதான் பேர். அந்த செல்கிகளில் சில, கரைக்கு வந்து தோலைக் கழற்றி வைத்துவிட்டு மனிதர்களாகப் பாறையில் வெயில் காயும். ஒருவன் ஒரு தோலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பான். தோலுக்கு உரியவள் அழுதுகொண்டே பின்னால் வருவாள். தோல் இல்லாமல் கடலுக்குத் திரும்ப முடியாது. அவனைக் கட்டிக்கொள்வாள், குழந்தைகள் பிறக்கும்.

வால்டர் டிரெயில் டெனிசன் என்கிற ஆர்க்னிக்காரர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிவைத்த வடிவத்தைத்தான் இவள் எடுத்திருந்தாள். அதில் ஏழு குழந்தைகள். தொடருக்காக இரண்டாகக் குறைத்திருந்தாள். "ஏழு குழந்தைக்கு ஏழு வாய்ஸ் ஆர்ட்டிஸ்ட் வேணுமே மேம்" என்றாள். பட்ஜெட் தெரிந்த பெண் என்று சந்தோஷப்பட்டேன்.

முதல் மாதம் முழுக்கச் சொல் சண்டைதான், ஆனால் நல்ல சண்டை. சீலுக்குத் தமிழில் கடல்நாய். நாயகியைப் பார்த்து நாயகன் "கடல்நாயே" என்று உருகினால் என்ன ஆகும் என்று ஒரு நாள் இரண்டு பேரும் போனில் சிரித்துத் தீர்த்தோம். செல்கி என்றே வைத்துக்கொண்டோம். அடுத்தது தோல். தோலை எடுத்தான், தோலை மறைத்தான், தோலை உரித்தாள். நம் காதில் அது கசாப்புக் கடை. தோலாடை என்று முடிவு செய்தோம். கதையை ராமேஸ்வரத்துக்கு மாற்றிவிடலாம், ஆவுளியா என்கிற கடல்பசு இருக்கிறதே என்று மேலிடத்தில் இருந்து ஒரு யோசனை வந்தது. ஆவுளியா கரை ஏறாது சார், அதற்குக் கழற்றிவைக்க ரோமத் தோலும் கிடையாது என்று அவள் எழுதி அனுப்பிய பதிலை நான் கொஞ்சம் மரியாதை சேர்த்து மேலே அனுப்பினேன். அன்றைக்கு நான் அவள் பக்கம் இருந்தேன். இதைச் சொல்லிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஒன்று கவனித்தீர்களா, தோலைத் திருடியது யாருக்குமே பிரச்சினையாக இல்லை. பிரிவுத் தலைவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆன்டி ஹீரோ கதைகளிலேயே ஊறியவர்கள் நாங்கள். கட்டாயத் தாலி கட்டியவன் நாற்பதாவது எபிசோடில் காய்ச்சலில் படுப்பான், அவள் கஞ்சி வைத்துக் கொடுப்பாள், நல்லவன் ஆகிவிடுவான். அப்படி எத்தனை பேரை நான் நல்லவன் ஆக்கியிருப்பேன்! ஒரு தோலாடையை ஒளித்தவன் அவர்களோடு ஒப்பிட்டால் பரம சாது. அவள் போய்விடுகிறாள் என்பதுதான் பிரச்சினை.

டெனிசன் கதையில் அவள் போய்விடுவாள். ஒரு நாள் அவன் பெரிய பையன்களோடு மீன் பிடிக்கப் போயிருப்பான். காலில் புண் என்று கடைசி மகள் மட்டும் வீட்டில் இருப்பாள். அம்மா எதையோ வீடு முழுக்கத் தேடுவதைப் பார்த்துவிட்டு, என்ன தேடுகிறாய் என்று கேட்பாள். அழகான ஒரு தோல், அதில் செருப்புத் தைத்தால் உன் கால் புண் ஆறிவிடும் என்று அம்மா சொல்வாள். எனக்குத் தெரியுமே என்பாள் குழந்தை. நான் தூங்குவதாக நினைத்து அப்பா ஒரு நாள் அதைக் கூரைச் சந்திலிருந்து எடுத்தார், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், மடித்துத் திரும்ப அங்கேயே வைத்துவிட்டார் என்பாள். அம்மா தோலை எடுத்துக்கொண்டு, குழந்தையிடம் விடைபெற்று, கடலுக்கு ஓடிவிடுவாள். படகில் திரும்பிக்கொண்டிருக்கும் கணவனைக் கடலுக்குள்ளிருந்து பார்த்து, நீ நல்லவனாகத்தான் இருந்தாய், உன்னைப் பிடித்திருந்தது, ஆனால் கடலில் இருக்கிற என் ஆள்மேல்தான் எனக்கு அதைவிட ஆசை என்று சொல்லிவிட்டு முங்கிவிடுவாள்.

"குழந்தையை விட்டுட்டுப் போற அம்மாவை நம்ம ஆடியன்ஸ் ஏத்துக்க மாட்டாங்க." இது பிரிவுத் தலைவர் ஸ்கிரிப்டின் ஓரத்தில் எழுதியது. அதற்குக் கீழே அவள் பதில் போட்டிருந்தாள்: சாம்பல் சீல் தாய் ஏறக்குறைய மூன்று வாரம் பால் கொடுக்கும். அந்த மூன்று வாரமும் இரை தேடப் போகாது, பட்டினி. அப்புறம் ஒரு நாள் கடலுக்குப் போய்விடும், குட்டியைத் தேடி வராது. குட்டி தன் வெள்ளை ரோமத்தை உதிர்த்துவிட்டு, தனியாகவே கடலில் இறங்கும். ஆர்க்னிக்காரர்கள் வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் கண்ணால் பார்க்கிற விஷயம் சார் இது, அங்கிருந்துதான் இந்தக் கதையே வந்திருக்கும்.

நான் அந்தக் குறிப்பை மறைத்துவிடும் 'ரிசால்வ்' பொத்தானை அழுத்தினேன். அவர் படிப்பதற்கு முன்னாலேயே. படித்திருந்தால் தொடரையே நிறுத்தியிருப்பார். அவளைக் காப்பாற்றத்தான் செய்தேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்தேன். திங்கள்கிழமை ரெக்கார்டிங்குக்கு ஸ்டூடியோ பிடித்தாயிற்று. மாற்றத்தைச் சொன்னேன். மகள் காட்டிக்கொடுக்க வேண்டாம். நாயகி அழுவதைப் பார்த்து நாயகனே மனம் உடைந்து, ஏழு வருடமாகக் கூரைச் சந்தில் ஒளித்துவைத்த தோலாடையை எடுத்து அவள் கையில் கொடுக்கிறான். அவள் கடற்கரைக்குப் போகிறாள். ஒரு எபிசோட் முழுக்க என்ன ஆகுமோ என்று இருக்கட்டும். விடியற்காலையில் ஈரத் தலையோடு வாசலில் வந்து நிற்கிறாள். தானாக விரும்பி வந்தாள் என்று ஆகிவிடும், அவனுக்கும் பாவமன்னிப்பு, நமக்கும் நல்ல முடிவு.

இது மட்டமான யோசனை இல்லை. செல்கிக் காதல் கதை எழுதுகிறவர்கள் பலரும் இப்போது இந்த வழியில்தான் வருகிறார்கள். திருப்பிக் கொடுப்பதுதான் காதல் என்பது கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் குக்கர் விசில் கேட்டது. அப்புறம், "எனக்குத் தெரிஞ்ச எந்தக் கதையிலயும் அவனாக் கொடுக்கலை மேம்" என்றாள். ஆர்க்னியில் குழந்தை சொல்லித் தெரிகிறது. ஃபாரோ தீவுகளில் தோலைப் பூட்டிவைத்த பெட்டியின் சாவியை மறந்து வைத்துவிட்டு மீன் பிடிக்கப் போகிறான். அங்கே மிக்லதாலூர் கிராமத்துக் கரையில் 2014இல் அந்த செல்கிப் பெண்ணுக்கு 2.6 மீட்டர் உயரத்தில் சிலை வைத்திருக்கிறார்கள், கையில் தோலைப் பிடித்தபடி நிற்கும் அந்தப் படத்தை முன்பே எனக்கு அனுப்பியிருந்தாள். ஐஸ்லாந்திலும் சாவியை மறந்துதான் போகிறான். "மறந்து போறான், அவ்வளவுதான். கொடுக்கறதில்லை." அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

என் பதிலுக்கு அவள் சொன்னது "சரி மேம்."

எத்தனையோ எழுத்தாளர்களிடம் எத்தனையோ 'சரி மேம்' வாங்கியவள் நான். கோபமான சரி, அழுகைச் சரி, காசு எப்போது வரும் என்கிற சரி எல்லாம் எனக்குத் தெரியும். இது எதிலும் சேரவில்லை. கதவை மெதுவாகச் சாத்துவது போல இருந்தது. அதற்கப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தப் பிடிச்சிருந்ததுங்கற வார்த்தையை மட்டும் எங்கயாவது வெச்சுக்கலாமா? அதுல ரெண்டு அர்த்தமும் வரும்."

எனக்கு முதலிலிருந்தே அந்த வார்த்தை ஆகாது. காதல் தொடரின் உச்சக்கட்டத்தில், சட்டை பிடித்திருந்தது என்பதுபோல என்ன வார்த்தை இது என்று முன்பே சிவப்பில் சுழித்திருந்தேன். "காதலிச்சேன்னு போட்டுடலாம்மா" என்றேன். அதற்கும் சரி என்றாள். என்ன இரண்டு அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

அது புரிய எனக்கு மாதங்கள் ஆயின். அக்கா பெண்ணைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பஜ்ஜி, கேசரி எல்லாம் முடிந்து, உள்ளே வந்து என் அக்கா மெதுவாகக் கேட்டாள்: "பிடிச்சிருக்காடி?" அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிடித்தல் என்றால் விரும்புவதும்தான், கைக்குள் இறுக்குவதும்தான். தோலைப் பிடித்தவனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் உடம்பில் பிடித்திருந்தது எது, மனதுக்குப் பிடித்திருந்தது எது என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது. அந்த ஒரு சொல்லில் கதை முழுவதும் இருந்தது. நான் அதை எடுத்துவிட்டு, காதலித்தேன் என்று போட்டேன்.

ஆனால் ஒன்று. அந்தப் பழைய கதையைப் பெண்ணின் விடுதலைக் கதையாக மட்டும் படிப்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. போகும்போது அவள் அவனைத் திட்டவில்லையே. நல்லவனாக இருந்தாய் என்றுதானே சொல்கிறாள். ஐஸ்லாந்துக் கதையில் அவளுக்குக் கடலில் ஏழு குழந்தைகள், கரையில் ஏழு குழந்தைகள். இரண்டு பக்கமும் இழுக்க, புலம்பிக்கொண்டே போகிறாள். அப்படிப்பட்டவள் ஒருவேளை திரும்பியும் வரலாம் என்று நான் யோசித்தது அவ்வளவு பெரிய பாவமா? தவிர, வேறு வழியும் காட்டினேன். நாயகனையே செல்கி ஆக்கிவிடு என்றேன். ஆர்க்னியில் அதற்கும் கதை இருக்கிறது. ஏழு சொட்டுக் கண்ணீரைக் கடலில் விட்டால் செல்கி ஆண் பெண்ணைத் தேடி வருவான். அதில் யாரும் எதையும் திருட வேண்டாம். அவள்தான் வேண்டாம் என்றாள்.

இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு வாரம் நிம்மதியாக இருப்பேன். பிறகு அந்த ஏழு வருடக் கேள்வி திரும்ப வரும்.

இதை அலுவலகத் தோழி ஒருத்தியிடம் சொன்னபோது, "அந்தப் பொண்ணுக்கு வீட்ல ஏதாவது பிரச்சினையா இருந்திருக்கும், அதான் அப்படி எழுதியிருக்கா" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் தூத்துக்குடிப் பக்கம், கல்யாணம் ஆனவள், குக்கர் மூன்று விசில் வந்ததும் போனை வைக்காமலே அடுப்பை அணைப்பவள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் அவளைக் கதைக்குள் தள்ளுவதற்கு எனக்கு உரிமை இல்லை. நன்றாக எழுதுகிற பெண் எதை எழுதினாலும் சொந்தக் கதை என்று ஆக்கிவிடுவது நம் ஊர் வியாதி. (கோபம் ஏன் அத்தனை வந்தது என்றும் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் அதே எண்ணம் வந்திருந்தது.)

அந்தத் தொடருக்குப் பிறகு அவள் எங்களுக்கு எதுவும் எழுதவில்லை. சண்டை எல்லாம் இல்லை. பணம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. ஆறு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. எழுதியது எல்லாம் கம்பெனி தளத்திலேயே இருந்துவிட்டது, இப்போது லாகின் வேலை செய்யவில்லை, பழைய கடைசி மூன்று எபிசோடுகளின் பிரதி என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்குமா மேம்?

"பார்க்கிறேன்மா" என்று பதில் போட்டேன்.

ஒப்பந்தப்படி கைவிடப்பட்ட வரைவுகள்கூட கம்பெனிக்குத்தான் சொந்தம். கொடுத்தால் என் வேலைக்கே ஆபத்து வரலாம். வராமலும் போகலாம், யார் பார்க்கப் போகிறார்கள்? அவள் மறுபடி கேட்கவும் இல்லை. ஒரு தடவை கேட்டுவிட்டு இரண்டாவது தடவை கேட்காதவர்களிடம் கொடுப்பதற்குத்தான் நேரமே வருவதில்லை.

ஃபைல் என் லேப்டாப்பில், வருமான வரிக் கணக்குகள் இருக்கும் ஃபோல்டருக்குள் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு சில ராத்திரிகளில் திறப்பேன். கடலுக்குள்ளிருந்து அவள் படகைத் திரும்பிப் பார்க்கிற இடம் வரைக்கும் படிப்பேன். கொஞ்ச நேரம் அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.