தாலியைக் கழற்றி, மூச்சை அடக்கி

பிரசவம் முடிந்து எட்டு மாதம் ஆகியும் படபடப்பு நிற்காததால் எக்கோ (இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட்) எடுக்கப் போனேன். டாக்டர் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு வயிற்றில் புளி கரைந்தது. இதயத்தின் இடது கீழறைச் சுவரின் உட்புறம் கடற்பஞ்சு மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கிறதாம். 'நான்-காம்பாக்‌ஷன்' என்று சந்தேகம், அதாவது இதயத்தசை கெட்டிப்படாமல் பஞ்சுபோல இருப்பது. இதயத்தின் நுனிப்பக்கம் எக்கோவில் சரியாகத் தெரியவில்லை, கார்டியாக் எம்ஆர்ஐ எடுத்துவிடலாம் என்றார்.

படம் தெளிவாகத் தெரியக் காடோலினியம் என்ற மருந்தை ஊசியில் போடுவார்கள் என்பதால், சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று முதலில் கிரியாட்டினின் பார்த்தார்கள். தாய்ப்பாலில் அந்த மருந்து மிகச் சொற்பமாகத்தான் கலக்கும், நிறுத்த வேண்டாம் என்றார்கள். மனசு கேட்காமல் ஒரு வேளைக்குப் பாலை முன்கூட்டியே எடுத்து வைத்தேன். தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். மாமியார் மஞ்சள் கயிற்றில் கிழங்கு கட்டித் தயாராகக் கொண்டுவந்திருந்தார்.

சத்தம் பயங்கரமாக இருக்கும் என்று எல்லோரும் மிரட்டினார்கள். சத்தம் பழகிவிடும். மூச்சுதான் பாடாய்ப் படுத்தியது. "மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க." காற்றை வெளியே விட்ட பிறகு பத்துப் பதினைந்து விநாடி அசையாமல் கிடக்க வேண்டும். இதயத்துடிப்பை நிறுத்த முடியாது. அதனால் ஈசிஜியோடு ஒத்துப்போகும்படி படம் எடுக்கிறார்கள். நெஞ்சாவது அசையாமல் இருக்க வேண்டுமே! நடுவில் ஒருமுறை திருட்டுத்தனமாக அரை மூச்சு விட்டேன். "இன்னொரு தடவை எடுக்கலாம்மா" என்று குரல் வந்துவிட்டது. மருந்து ஏறி பத்து நிமிடம் கழித்துக் கடைசிப் படங்கள். தசையில் தழும்பு இருந்தால் அவற்றில் வெள்ளையாகத் தெரியுமாம். மொத்தம் ஐம்பது நிமிடம்.

ரிப்போர்ட்டில் பஞ்சுப் பகுதிக்கும் கெட்டித் தசைக்குமான விகிதம் 2.6. எம்ஆர்ஐயில் 2.3-ஐத் தாண்டினால் நான்-காம்பாக்‌ஷன் என்று 2005-லிருந்து ஒரு கணக்கு இருப்பதை இரவெல்லாம் தேடிப் படித்திருந்தேன். டாக்டர் அந்த எண்ணை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. விளையாட்டு வீரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்கூட இப்படித் தெரியலாம், 2023-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் இதைத் தனி இதயத்தசை நோயாகவே சேர்க்கவில்லை என்றார். அவர் பார்த்தது வேறு இரண்டை: பம்பிங் 57 சதவீதம், அதாவது இயல்பு; தழும்பும் இல்லை. மாத்திரை எதுவும் தரவில்லை. ஒரு வருடம் கழித்து மறுபடி எக்கோ.

கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது என்றார். பொங்கலுக்கு வரும்போது பார்க்கலாம் என்கிறான் தம்பி. நானே அவனுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன்.