குட் நைட், சேர்

பௌதிக ஆய்வுகூடத்துக் கடைசி மேசையில் இருந்த அந்த இரண்டு சிறிஞ்சுகளை எங்கள் வகுப்பில் ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்று பெரியது, மற்றது சின்னது, நடுவே சேலைன் குழாய், உள்ளே சிவப்பு மை கலந்த தண்ணீர். சின்னதை அமத்தப் பெரியது எழும்பும். நாங்கள் அதிசயித்து முடிக்கமுதல் சேர் குழாயைப் பிடுங்கிவிடுவார். மை மேசையெல்லாம் ஓடும். "இப்ப அமத்துங்கோ பாப்பம்" என்பார். அமத்தினால் ஒன்றும் அசையாது. அவ்வளவுதான் பாடம்.

சேர் 2024 மாசியில் ஊரில் காலமானார். அந்த ஆண்டு ஆனி (யூன்) 13 உடன், இரண்டாம் உலகப் போரில் கனடிய விமானப்படையில் இருந்த அன்ட்ரூ மினார்ஸ்கி இறந்து 80 ஆண்டுகள் ஆகின. சேருக்கு அஞ்சலி எழுதும் இடத்தில் கனடாவின் வின்னிபெக் நகர இளைஞன் ஒருவனின் கதை ஏன் என்று கேட்பீர்கள். சேர் காட்டிய அந்த அறுந்த குழாய்தான் இந்தக் கதை முழுவதும்.

மினார்ஸ்கி 1916 ஒக்ரோபர் 14 அன்று வின்னிபெக்கில் பிறந்தவர். பெற்றோர் போலந்திலிருந்து குடியேறியவர்கள். அவர் இளைஞராக இருக்கும்போதே தகப்பன் இறந்துவிட, குடும்பத்துக்காக மிருதுவான தோல்களை வெட்டும் தொழிலுக்குப் போனார். 1941 இல் கனடிய விமானப்படையில் சேர்ந்து, மனிற்றோபாவிலேயே துப்பாக்கி வீரராகப் பயிற்சி பெற்று, 1943 இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பிறகு 419 ஆவது படையணி, டரம் பகுதியில் உள்ள மிடில்ரன் சென்ற் ஜோர்ஜ் தளம்.

அவருடைய குழுவுக்குக் கிடைத்த குண்டுவீச்சு விமானம் லங்காஸ்டர் பத்தாம் வகை, இலக்கம் கேபி 726. இந்த வகை லங்காஸ்டர்கள் 430 கட்டப்பட்டன, எல்லாம் ஒன்ராறியோவில், மோல்ரன் என்ற இடத்தில். மோல்ரன் எங்கே என்று தேடவேண்டாம். நம்மில் பெரும்பாலானோர் ஒரு கைப்பையோடு வந்து இறங்கிய பியர்சன் விமான நிலையம் இருப்பது அங்கேதான்.

லங்காஸ்டருக்கு நான்கு மேர்லின் இயந்திரங்கள், ஏழு பேர். ஐந்து பேர் முன்பக்கம். பின்பக்கம் இரண்டு பேர் தனித்தனியே: முதுகில் உள்ள சுழல் கோபுரத்தில் மினார்ஸ்கி, வால் நுனியில் உள்ள கோபுரத்தில் பாட் பிரோஃபி. வால் கோபுரத்தில் நான்கு பிரௌனிங் துப்பாக்கிகள். இடம் அவ்வளவு நெருக்கம். பரசூட் பொதியை உள்ளே வைத்துக்கொள்ளவே முடியாது. வெளியே, விமான உடலின் சுவரில் கொழுவி வைக்கவேண்டும். ஆகவே வால் வீரர் குதிப்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. கோபுரத்தை நேராக நிறுத்தி, முதுகுப்பக்கக் கதவைத் திறந்து, கையை எட்டிப் பொதியை எடுத்து மார்பில் கொழுவ வேண்டும். பிறகு கோபுரத்தைப் பக்கவாட்டாகத் திருப்ப, அதே கதவு இப்போது வெளிவானத்தைப் பார்க்கும். அதன் வழியே பின்புறமாக விழவேண்டும். இதில் எந்தப் படியைச் செய்வதற்கும் கோபுரம் சுழல வேண்டும்.

சுழற்றுவது எண்ணெய். இறக்கையில் உள்ள இயந்திரத்தோடு பொருத்திய பம்பி எண்ணெயை அமுக்க, அது குழாய் வழியே விமானத்தின் நீளம் முழுக்க ஓடி வால் கோபுரத்தைத் திருப்பும். பெரிய சிறிஞ்சும் சின்ன சிறிஞ்சும்தான். இயந்திரம் நின்றால் அமுக்கம் இல்லை. அப்படி நடந்தால் கையால் திருப்ப ஒரு பொறிமுறை வைத்திருந்தார்கள்.

1944 ஆனி 12 இரவு. நோர்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கி ஆறு நாள். ஜேர்மன் படைகள் ரயிலில் கரைக்கு வந்து சேராதபடி பிரான்சின் ரயில் தரிப்பிடங்களை உடைப்பது வேலை. அன்றைய இலக்கு கம்ப்றே. இந்த ஏழு பேருக்கும் அது 13 ஆவது பறப்பு. நள்ளிரவு தாண்டினால் 13 ஆம் திகதி. புறப்படமுதல் புல்லில் கண்டெடுத்த நாலிலைக் குளோவர் ஒன்றை மினார்ஸ்கி, அதிர்ஷ்டத்துக்காக, பிரோஃபியிடம் கொடுத்தார்.

யுங்கர்ஸ் 88 இரவுச் சண்டை விமானம் ஒன்று கீழிருந்து வந்து சுட்டது. இடப்பக்க இயந்திரங்கள் இரண்டும் நின்றன. இறக்கையில் தீ. வால் கோபுரத்துக்குப் போகும் எண்ணெய்க் குழாய் அறுந்து, சிந்திய எண்ணெயும் பற்றிக்கொண்டது. இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன்: கோபுரத்தைச் சுழற்றவேண்டிய அதே எண்ணெய்தான் இரண்டு கோபுரங்களுக்கும் இடையே நெருப்பாக நின்றது.

விமானி ஆர்ட் டி பிரேய்ன் குதிக்கச் சொன்னார். முன்பக்கத்தாருக்கு மூக்குப்பகுதித் தரையில் ஒரு வாசல். அதன் அகலம் 22 அங்குலம். தடித்த உடுப்பும் பரசூட்டும் போட்டவர் அதற்குள்ளால் வெளியேறுவது கடினம். லங்காஸ்டரிலிருந்து உயிரோடு வெளியேறியவர்கள் மற்றக் குண்டுவீச்சு விமானங்களை விடக் குறைவாக இருந்ததற்கு இந்த அகலமும் ஒரு காரணம். அன்று குண்டு வீசுபவரான ஜாக் ஃபிறைடே மூடியைத் திறக்க, காற்று அதை அடித்து அவர் தலையில் மோதியது. மயங்கிக் கிடந்தவருக்குப் பொறியியலாளர் ரோய் விகேர்ஸ் பரசூட்டைக் கொழுவி வாசலால் தள்ளிவிட்டார். ஐவரும் தப்பினார்கள்.

பின்பக்கத்தாருக்குரிய வாசல் வலப்பக்கக் கதவு. மினார்ஸ்கி தன் கோபுரத்திலிருந்து இறங்கி அங்கே வந்துவிட்டார். இன்னும் ஒரு எட்டு வைத்தால் வெளியே. அப்போது வாலைத் திரும்பிப் பார்த்தார். கோபுரம் பாதி திரும்பிய நிலையில் இறுகி நின்றது, உள்ளே பிரோஃபி. அந்தக் கோணத்தில் கதவு வானத்துக்கும் இல்லை, விமானத்துக்கும் இல்லை. கையால் திருப்பும் பொறிமுறையும் பிரோஃபி முயன்ற வேகத்தில் உடைந்துவிட்டது.

மினார்ஸ்கி எரியும் எண்ணெய்க்குள்ளால் முழங்காலிலும் கையிலும் தவழ்ந்து போனார். வாலை நோக்கிப் போகப் போக உடல் ஒடுங்கும்; நிமிர முடியாது. கோடரியால் கொத்தினார். பிறகு வெறுங் கையால் பிடுங்கிப் பார்த்தார். இடுப்பு வரை உடுப்பும், மார்பிலிருந்த பரசூட்டும் எரிந்தன. "போ" என்று பிரோஃபி உள்ளிருந்து கையை வீசிக் கத்தினார். மினார்ஸ்கி மனமில்லாமல், பிரோஃபியைப் பார்த்தபடியே பின்பக்கமாக நெருப்புக்குள்ளால் திரும்பினார். கதவடியில் நிமிர்ந்து நின்று சலூட் அடித்தார். ஏதோ சொல்லவும் செய்தார். சத்தம் கேட்கவில்லை, ஆனால் அது என்னவென்று பிரோஃபிக்குத் தெரியும். இருவரும் நெருங்கிய கூட்டாளிகள். பிரோஃபி அதிகாரி என்பதால் ஒவ்வொரு இரவும் பிரியும்போது மினார்ஸ்கி சலூட் அடித்து வழக்கமாகச் சொல்லும் வார்த்தை அது: "குட் நைட், சேர்."

எரிந்த பரசூட் அவரைத் தாங்கவில்லை. தரையில் பிரெஞ்சு மக்கள் கண்டெடுத்தபோது உயிர் இருந்தது. தீக்காயத்தால் இறந்துபோனார். வயது 27. சொம் பகுதியில் மெஹாரிக்கூர் ஊர் மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

விமானம் குண்டுகளோடே கோடியம்ப்றே ஊருக்கருகில் வயலில் விழுந்தது. இடது இறக்கை மரத்தில் அடிபட, விமானம் சுழன்று, வால் கோபுரம் பிய்ந்து பிரோஃபியை வெளியே எறிந்தது. யாராலும் திறக்க முடியாத கதவை அந்த மோதல் திறந்தது. அவருக்குப் பெரிய காயமில்லை. பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தார் ஒளித்துவைத்துக் காப்பாற்ற, செப்ரெம்பரில் இங்கிலாந்து திரும்பினார். போகச் சொன்ன தான் உயிரோடு இருக்க, போன மினார்ஸ்கி இறந்துவிட்டதை அங்கே அறிந்தார். பிரோஃபி செத்திருந்தால் அந்தக் கதவடியில் நடந்ததைக் கண்ட சாட்சி ஒருவரும் இல்லை. அவர் சொன்னதன் பேரில் 1946 ஒக்ரோபர் 11 அன்று, போர்க்கள வீரத்துக்கான அதியுயர் விருதான விக்ரோறியா சிலுவை மினார்ஸ்கிக்கு அறிவிக்கப்பட்டது.

வின்னிபெக்கில் மினார்ஸ்கி பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அவர் புறப்பட்ட தளத்தில் 2005 முதல் அவருடைய சிலை, சலூட் அடித்தபடி. ஒன்ராறியோவின் ஹமில்டன் நகர விமான அருங்காட்சியகத்தில் உள்ள லங்காஸ்டர் கேபி 726 இன் எழுத்துகளோடு, அவர் நினைவாக 1988 இல் மறுபடி பறக்கத் தொடங்கியது. உலகில் இன்று பறக்கும் நிலையில் உள்ள லங்காஸ்டர்கள் இரண்டுதான், மற்றது இங்கிலாந்தில்.

எங்களுடைய வகுப்பு எண்பதுகளின் கடைசியில் கலைந்தது. ஒவ்வொருவராக ஆய்வுகூட வாசலில் நின்று "போட்டு வாறன் சேர்" என்றோம். அவர் "நிக்காதேங்கோ, வெளிக்கிடுங்கோ" என்று கையை வீசினார். அவர் வெளிக்கிடவில்லை. இடம்பெயர்ந்த கொட்டிலிலும் பாடம் எடுத்தார் என்று கேள்விப்பட்டோம். போட்டு வாறன் என்ற சொல்லில் 'வாறன்' என்பதை எங்களில் எத்தனை பேர் அவர் இருக்கும்போதே செய்தோம்?

இந்தக் கோடையில் பிள்ளைகளோடு ஹமில்டனுக்குப் போங்கள். விமானத்தின் பின்பக்கம் போய், வலப்பக்கக் கதவடியில் நின்று வால் கோபுரத்தைப் பாருங்கள். சில எட்டுகள்தான்.