விறகு டயரி, ஊசி ரெஜிஸ்டர், அப்புறம் அந்த எக்ஸெல்

ஏப்ரல் வந்தா ஊருக்கே வெயில், எனக்கு மட்டும் கூடவே எக்ஸெல். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கம்ப்ளையன்ஸ் பாக்கறேன், துணிக்கு சாயம் போடற டையிங்கும் எங்களோடதே. ஐரோப்பா பையர் ஒருத்தர் வருஷா வருஷம் ஒரு ஷீட் அனுப்புவாரு, அதுல கரண்ட், டீசல், விறகு, தண்ணி, குப்பை, சம்பளம், ஓவர்டைம், விபத்துன்னு எல்லாத்துக்கும் கட்டம் கட்டமா இருக்கும். நாங்க ரொப்பி அனுப்பற நம்பர் அவங்களோட சஸ்டைனபிலிட்டி ரிப்போர்ட்ல எங்கயோ ஒரு ஓரத்துல கரைஞ்சு போயிரும். நாங்களே எரிக்கறதுல வர்ற கார்பன் ஸ்கோப் 1, வாங்கற கரண்டோடது ஸ்கோப் 2, சப்ளை பண்றவங்க கிட்ட இருந்து வர்றது ஸ்கோப் 3. எங்களுக்கு ஸ்கோப் 1, 2ன்னு வர்றது அவங்களுக்கு ஸ்கோப் 3, அவ்ளோதான் உறவு.

இந்தியால லிஸ்ட் ஆன பெரிய 1000 கம்பெனிக்கு பங்குச்சந்தைய கண்காணிக்கற செபி 2022-23லிருந்து பி.ஆர்.எஸ்.ஆர்.னு ஒரு சஸ்டைனபிலிட்டி ரிப்போர்ட்டை கட்டாயமாக்கிருச்சு. நாங்க லிஸ்ட் ஆகலை, அதனால சட்டப்படி யாரும் எங்களை கேக்கப் போறதில்லை, ஆர்டர் குடுக்கறவங்க கேக்கறாங்க, குடுக்கறோம்.

கரண்ட் கணக்கு ஈசி. ஈ.பி. பில்லுல இருக்கற யூனிட்டை எடுத்து, மத்திய மின்சார ஆணையம் வருஷா வருஷம் வெளியிடற எண்ணால பெருக்கினா போதும், ஒரு யூனிட்டுக்கு சுமாரா 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஜெனரேட்டர் டீசல் லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ. இதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. (காத்தாடி வச்சிருக்கறவங்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு, அந்த காத்தாலை கரண்டுக்கான சர்டிபிகேட்டை வேற யாருக்காச்சும் வித்துட்டு "எங்களோடது பசுமை கரண்ட்"னும் எழுத முடியாது, ஒரே மாட்டை ரெண்டு சந்தைல விக்கற கதை ஆயிரும்.)

விறகுதான் கஷ்டம். பாய்லருக்கு வர்ற லோடு எடைமேடை சீட்டோட வரும், அதை பாய்லர் அண்ணா ஒரு பழைய எல்.ஐ.சி. டயரில எழுதி வைப்பாரு. மழைல நனைஞ்ச விறகுன்னா எடை கூடும், சூடு குறையும், அதையும் ஓரத்துல "ஈரம்"னு குறிச்சிருப்பாரு. போன வருஷம் அந்த "ஈரம்" எதுக்குங்கண்ணான்னு கேட்டேன், "நீ எரிச்சுப் பாரு கண்ணு, தெரியும்"னாரு. ஷீட்ல ஈரத்துக்கு கட்டம் கிடையாது, டன் மட்டும்தான். அந்த விறகு கார்பனும் ஸ்கோப் 1ல சேராது, மரம் வளரும்போது உறிஞ்சினதுதானே திரும்ப வருதுன்னு தனியா ஒரு வரில காட்டச் சொல்லுவாங்க. அந்த மரத்தை வெட்டின எடத்துல மறுபடி மரம் வச்சாங்களான்னு எனக்கும் தெரியாது, ஷீட்டும் கேக்காது.

இவ்ளோ விறகு ஏன் எரியுதுங்கறதுக்குப் பின்னாடி ஊர்க்கதையே இருக்கு. சாயத்தண்ணி நொய்யல்ல ஓடி, ஒரத்துப்பாளையம் அணைல போய் தேங்கி, கீழ இருக்கற காடு கிணறெல்லாம் கெட்டு, விவசாயிங்க கோர்ட்டுக்கு நடையா நடந்தாங்க. 2011 ஜனவரி கடைசில ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிருச்சு, 700க்கும் மேல பட்டறை ஒரே அடில நின்னுச்சு. அப்புறம் சொட்டுத் தண்ணி வெளிய விடாத சிஸ்டம் இருந்தாத்தான் பட்டறையே ஓட்டலாம்னு ஆயிருச்சு. சாயத்தண்ணிய ஆர்.ஓ.ல விட்டு, மிஞ்சின கெட்டித் தண்ணிய எவாப்பரேட்டர்ல காய்ச்சி, கடைசில உப்பா எடுக்கணும், அந்த நீராவிக்குத்தான் விறகு, பம்புக்கெல்லாம் கரண்ட். தண்ணி கட்டத்துல எங்க மார்க் அமோகம், பெரும்பகுதி தண்ணி திரும்ப டையிங்குக்கே போகுது. அந்தத் தண்ணி நல்லா ஆக ஆக கார்பன் கட்டம் மோசமாகும். அதுபோக கலப்பு உப்பு மூட்டை மூட்டையா ஷெட்டுல அடுக்கியிருக்கு, வாங்க ஆளில்லை. ஷீட்ல இது மூணும் மூணு வேற பக்கம், படிக்கறவங்களுக்கு இது ஒரே பாய்லர்லிருந்து வர்ற கதைன்னு தெரியவே தெரியாது.

ஏமாத்தணும்னு நினைக்காமலே ஏமாத்தற வழியும் ஒண்ணு இருக்கு, இன்டென்சிட்டி, அதாவது மொத்தத்தை சொல்லாம ஒரு பீஸுக்கு எவ்ளோன்னு சொல்றது. சும்மா உதாரணத்துக்கு, போன வருஷம் 10 லட்சம் பீஸுக்கு 100 டன் கார்பன், இந்த வருஷம் 15 லட்சம் பீஸுக்கு 120 டன்னு வைங்க. பீஸுக்கு 100 கிராம்ல இருந்து 80 ஆயிருச்சு, 20 சதவீதம் குறைச்சுட்டோம்னு பச்சைக் கலர்ல போட்டுக்கலாம். காத்துல போனது 20 சதவீதம் ஜாஸ்தி. பி.ஆர்.எஸ்.ஆர்.ல இன்டென்சிட்டிய விற்பனை ரூபாய்க்கு இவ்ளோன்னும் கேக்கறாங்க, அது இன்னும் தமாஷ், 2022ல நூல் விலை ஏறுச்சே அந்த மாதிரி ஏறி டீ சர்ட் விலையும் ஏறிட்டா ஒரு பல்பு மாத்தாமலே நாங்க பசுமை ஆயிருவோம்.

இந்த ரிப்போர்ட் பழக்கமே 1989ல அலாஸ்கால எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெய் கொட்டினதுக்கு அப்புறம் சூடு பிடிச்சதுதான், இந்த மாதிரி ரிப்போர்ட்டை எப்படி எழுதணும்னு சொல்ற ஜி.ஆர்.ஐ.ங்கற அமைப்பை 1997ல பாஸ்டன்ல ஆரம்பிச்சாங்க, 2000ல முதல் வழிகாட்டி வந்துச்சு. லாபத்தோட மனுசனையும் மண்ணையும் சேத்து கணக்குப் பாருங்கன்னு 1994ல "டிரிபிள் பாட்டம் லைன்"னு ஒரு சொல்லை உண்டாக்கின ஜான் எல்கிங்டனே, 2018ல பழுதான காரை கம்பெனி திரும்ப வாங்கற மாதிரி அந்த சொல்லை ரீகால் பண்றேன்னு சொன்னாரு. வெறும் கணக்குப்புத்தகமா ஆக்கிட்டீங்கன்னு அவருக்கு வருத்தம். நான் அந்தக் கணக்குப்புத்தகத்தை எழுதற ஆளு, எனக்கு வேற வருத்தம்.

எங்க தையல் செக்சன்ல ஊசி ரெஜிஸ்டர்னு ஒண்ணு இருக்கு. மிஷின்ல ஊசி உடைஞ்சா அத்தனை துண்டையும் தேடிப் பொறுக்கி நோட்டுல டேப் போட்டு ஒட்டணும், ஒரு துண்டு கிடைக்கலைன்னா அந்த துணிக்கட்டையே மெட்டல் டிடெக்டர்ல விடணும். குழந்தை டிரஸ்ல ஊசி போயிட்டா அவ்ளோதான், சரியான ரூல், நான் குறை சொல்லலை. ஆனா அதே ஊசி ஒரு அக்கா விரல்ல ஏறி இறங்கினா அது பர்ஸ்ட் எய்டு நோட்டுல ஒரு வரி. மருந்து போட்டு அரைமணில மிஷின்ல உக்காந்துருவாங்க, லீவு போட்டா கூலி போயிரும்ல. ஷீட்ல கேக்கறது வேலைநாள் இழந்த விபத்து, பத்து லட்சம் மணிநேரத்துக்கு எத்தனைன்னு. எங்களோடது ஜீரோ. பொய்யே இல்லை. மூணு வருஷமா ஜீரோ.

மணிநேரம்னதும் ஞாபகம் வருது, இங்க யாரும் மணில பேசவே மாட்டாங்க. "ஒண்ணரை ஷிப்ட் பாத்தேன்"பாங்க, அதாவது 12 மணிநேரம். அதை எட்டு பிளஸ் ஓவர்டைம்னு பிரிச்சு எழுதறது என் வேலை.

2012 செப்டம்பர்ல கராச்சில அலி எண்டர்பிரைசஸ்ங்கற கார்மெண்ட்ஸ் பேக்டரி எரிஞ்சு 250க்கும் மேல செத்தாங்க, அதுக்கு சில வாரம் முன்னாடிதான் தொழிலாளிங்கள நல்லா வச்சிருக்காங்கன்னு குடுக்கற எஸ்.ஏ. 8000 சர்டிபிகேட் அதுக்கு கிடைச்சிருந்துச்சு. தீ பிடிச்சா வெளிய ஓட வழி இருக்கணும்ல, ஆடிட் நாள் வந்தா நான் முதல்ல பின்பக்க கதவை மறிச்சு மூட்டை இருக்கான்னு போய் பாக்கறது அதனாலதான். ஆடிட் இல்லாத நாளும் பாக்கறேன், அதுக்கு கட்டம் இல்லைன்னாலும்.

இந்த வருஷம் பர்ஸ்ட் எய்டு நோட்டை உக்காந்து எண்ணினேன், விரல்ல ஊசி ஏறினது மட்டும் 41. ஷீட்டுக்கு கீழ குறிப்புன்னு ஒரு எடம் விட்டிருந்தாங்க, அதுல எழுதி முதலாளிகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு "கேக்காததை ஏனுங்க சொல்லிக்கிட்டு"ன்னாரு, அப்புறம் அவரே, விரல் உள்ள போகாம ஊசிக்கு முன்னாடி போடற தடுப்பு (கார்டு) எத்தனை மிஷின்ல கழட்டி வச்சிருக்காங்கன்னு லிஸ்ட் எடுக்கச் சொன்னாரு. குறிப்பை அனுப்பலாமா வேண்டாமான்னு இன்னும் சொல்லலை. கடைசி தேதி வெள்ளிக்கிழமை. அதுக்குள்ள ஜனவரி விறகு சீட்டு ரெண்டு காணோம்னு அண்ணா சொல்றாரு, நாளைக்கு எடைமேடைக்கே போய் கேக்கணும்.