ஒன்னரை மணி ரெண்டு தடவை வந்த ஞாயித்துக்கிழமை

அக்காவுக்கு நியூஜெர்சில பையன் பொறந்தப்ப வீட்ல எல்லாரும் சந்தோஷத்துல இருக்க, அம்மா மட்டும் போன்ல "கரெக்டா எத்தனை மணிக்குடி"ன்னு நர்ஸ் மாதிரி கேட்டுட்டே இருந்தாங்க. ஜூலை 12, காலைல 5:20. அதை ஒரு ஜாதக ஆப்ல போட்டு, டைம் ஸோன்னு ஒரு கட்டம் வந்ததும் யாரோ சொன்ன -5:00ஐ (அதாவது யூடிசிங்குற உலகப் பொது நேரத்துக்கு அஞ்சு மணி நேரம் பின்னாடி, நம்ம ஊரு அஞ்சரை மணி முன்னாடி) அமுக்கி, கடக லக்னம்னு, அதாவது பொறக்கும்போது கிழக்குல உதிக்குற ராசி கடகம்னு ஒரு கட்டத்தை பிரிண்ட் எடுத்து கும்பகோணத்துல எங்க குடும்ப ஜோசியர்கிட்ட குடுத்தாங்க, நான் கூடப் போயிருந்தேன்.

அவர் கண்ணாடியை ஏத்தி இறக்கி ஒரு நிமிஷம் பாத்தாரு. "தம்பி, இதுல சூரிய உதயம் 4:36ன்னு போட்டிருக்கே, கொழந்தை பொறக்கறப்ப அங்க சூரியன் வந்தாச்சான்னு கேளு"ன்னாரு. அக்காவுக்கு போன் போட்டா, ஜன்னல்ல லேசா வெளிச்சம் வந்துச்சு ஆனா சூரியன் வரலைங்குறா. "அப்ப கடகம் எப்படிப்பா வரும்? ஆனி மாசம், சூரியன் மிதுனத்துல நிக்குறான், உதயத்தப்போ லக்னமும் மிதுனம்தான், உதயத்துக்கு முன்னாடின்னா மிதுனத்தைத் தாண்டவே முடியாதே. அங்க டே லைட்டு, கோடைல கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளி வெச்சிருப்பாங்க, அந்த ஒரு மணி கழிக்கணும்"னு சொல்லி பேப்பரைத் திருப்பிக் குடுத்துட்டாரு. நான் பதினெட்டு வருஷமா சாஃப்ட்வேர்ல இருக்கேன், அமெரிக்க கிளையன்ட் சர்வரை பாத்துக்குறதுதான் பொழப்பு, எனக்கு அந்த -5:00 கண்ணுல படவே இல்லை. ஜூலைல நியூஜெர்சி -4:00. குளிர்காலத்துலதான் -5:00.

ஒங்களுக்கு எப்படி சார் இதெல்லாம் தெரியும்னு கேட்டேன். அவங்க அப்பா எழுதின நோட்டு ஒன்னை எடுத்தாரு, முதல் பக்கத்துலயே "1.9.1942 முதல் 15.10.1945 வரை, வார் டைம், ஒரு மணி கழிக்க"ன்னு இருக்கு. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல இந்தியா முழுக்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி 6:30ல வெச்சிருந்தாங்க, அப்ப பொறந்தவங்க ஜாதகத்தை இன்னிக்கு ஆப்ல சும்மா 5:30ன்னு போட்டா லக்னமே மாறிடலாம் (லக்னம் சுமாரா ரெண்டு மணிக்கு ஒரு ராசி நகரும், நட்சத்திரம் அவ்ளோ சுலபமா மாறாது, சந்திரன் மெதுவா போறவர்). இலங்கைல இருந்து வர்ற ஜாதகம்னா இன்னும் தலைவலியாம். 1996 மே மாசம் கரண்ட் மிச்சம் பண்ண 6:30க்கு போனாங்க, அதே வருஷம் அக்டோபர்ல 6:00, 2006 ஏப்ரல்ல திரும்ப 5:30. நடுவுல புலிகள் கட்டுப்பாட்டுல இருந்த பகுதியில பழைய நேரம்தான். அதனால அந்தப் பத்து வருஷத்துல வடக்குல பொறந்தவங்கன்னா எந்த ஊருன்னு கேட்டு, அந்த ஊரு அப்ப யார் கைல இருந்துச்சுன்னும் கேப்பாராம்.

எனக்கு அங்க உக்காந்திருக்கும்போது 2023 நவம்பர் 5 ஞாபகம் வந்துச்சு.

அமெரிக்காவுல நவம்பர் முதல் ஞாயிறு விடிகாலை ரெண்டு மணி ஆனதும் கடிகாரத்தைத் திரும்ப ஒரு மணிக்கு வெப்பாங்க, அதனால 1:00ல இருந்து 1:59 வரைக்கும் அன்னிக்கு ரெண்டு தடவை வரும். மார்ச்ல ரெண்டாவது ஞாயிறு உல்டா, 1:59க்கு அப்புறம் நேரா 3:00, அன்னிக்கு 2:30ன்னு ஒரு நேரமே கிடையாது. அந்த நவம்பர் ஞாயித்துக்கிழமை அங்க ரெண்டாவது ஒன்னரை ஆகும்போது நம்ம ஊர்ல பகல் பன்னெண்டு, கறிக்கொழம்பு கொதிக்குற நேரம், கரெக்டா அப்ப போன் வருது. ராத்திரில தானா ஓடி பில் அனுப்புற நைட் ஜாப் ஒன்னு, 1:30க்கு ஓட வேண்டியது, ஓடிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு திரும்ப ஒரு தடவை ஓடிருச்சு, ஒரே பில் ரெண்டு தடவை போயிருச்சு. நேரம் பாத்து அதை ஓட்டிவிடுற ஷெட்யூலர் எங்க டீம்லயே என்னைக்கோ ஒருத்தர் சொந்தமா எழுதினது, மணி 1:30 ஆச்சா, ஓட்டு, அவ்ளோதான் அதுக்குத் தெரியும். நம்ம கடிகாரத்துல அது காலை 11:00, பகல் 12:00ன்னு சுத்தமா ரெண்டு தனி நேரம், அங்க ரெண்டுமே 1:30.

சரி எது எப்ப நடந்துச்சுன்னு சர்வர் எழுதி வெக்குற லாக்கைப் பாத்து என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிக்கலாம்னா அது அதை விட மோசம். லாக்லயும் லோக்கல் டைம்தான், பின்னாடி -4:00ஆ -5:00ஆங்குற ஆஃப்செட் எதுவும் இல்லை. கஸ்டமர் 1:47க்கு கேள்வி கேக்குறாரு, எங்க ஆள் 1:12க்கு பதில் சொல்லிட்டாரு, அதாவது கேக்குறதுக்கு முப்பத்தஞ்சு நிமிஷம் முன்னாடியே. நெஜத்துல அது இருபத்தஞ்சு நிமிஷம் கழிச்சு சொன்ன பதில். நேரப்படி வரிசைப்படுத்தினா ரெண்டு மணி நேரத்துல நடந்ததெல்லாம் சீட்டுக்கட்டு கலைச்ச மாதிரி ஒன்னுக்குள்ள ஒன்னு நுழைஞ்சு கெடக்கு. கடைசில ஆர்டர் நம்பர் ஏறு வரிசையில இருந்ததால அதை வெச்சு பிரிச்சோம், சாயங்காலம் ஆயிடுச்சு, கொழம்பு ஆறிப்போச்சு.

இதுக்கு வழி ஒன்னும் ராக்கெட் வித்தை இல்லை. கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள 1970 ஜனவரி 1ல இருந்து எத்தனை செகண்ட் ஆச்சுன்னு எண்ணிட்டுதான் இருக்கு, அதுக்கு டே லைட்டும் கிடையாது ஒன்னும் கிடையாது. யூடிசில எழுதி வெச்சிட்டு, ஆள் பாக்கும்போது மட்டும் அவர் ஊர் நேரத்துக்கு மாத்திக் காட்டணும். அந்த மாத்துற வேலைக்குத்தான் டைம் ஸோன் டேட்டாபேஸ்னு ஒன்னு இருக்கு, எந்த ஊர்ல எந்த தேதில எவ்ளோ மாத்தினாங்கன்னு ஜோசியர் நோட்டு மாதிரியே. ஆர்தர் டேவிட் ஓல்சன்ங்குறவர் ஆரம்பிச்சது, இப்ப பால் எகெர்ட் பாத்துக்குறாரு, நம்ம போன்ல இருந்து பெரிய சர்வர் வரைக்கும் ஏகப்பட்டது அதை நம்பித்தான் ஓடுது. அதுல நம்ம பேர் ஏசியா/கொல்கத்தா, அந்த 1942ம் அதுல இருக்கு. சென்னைன்னு தனியா ஒன்னு இல்லைன்னு எனக்கு இன்னும் ஒரு சின்ன வருத்தம்.

ஆனா அரசாங்கம் திடீர்னு மனசு மாத்தினா அந்த நோட்டும் பழசாயிடும். நான் வேலைக்கு சேந்த புதுசுல அமெரிக்காவுல டே லைட் விதியை மாத்தினாங்க, ஏப்ரல்ல ஆரம்பிச்சிட்டு இருந்தது 2007 மார்ச் 11லயே ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி ஒவ்வொரு சர்வரா, ஒவ்வொரு ஜாவாவா பேட்ச் போட்டே நாங்க செத்தோம். அதாவது ஒன்னரை வருஷம் முன்னாடியே சட்டம் போட்டு அறிவிச்சும் அந்தப் பாடு. 2023ல லெபனான்ல கடிகாரம் மாறுறதுக்கு ரெண்டு மூணு நாள் இருக்கும்போது ரம்ஜான் முடியுற வரைக்கும் தள்ளி வைக்குறோம்னு பிரதமர் சொல்லிட்டாரு. அங்க இருக்குற மரோனைட்ங்குற கிறிஸ்தவ சர்ச் ஒத்துக்கல, டிவி சேனல் சிலது ஒத்துக்கல, போன் ஒரு நேரம் காட்டுது சுவர்க் கடிகாரம் ஒரு நேரம் காட்டுது, நாலு நாள் ஒரே நாட்டுல ரெண்டு நேரம். அந்த வாரத்துல அங்க எழுதின டைம்ஸ்டாம்ப்பையெல்லாம் பின்னாடி பாக்குறவன் கதியை நெனச்சுப் பாருங்க.

இதுல எனக்குப் பிடிக்காத இன்னொன்னு, அமெரிக்காக்காரங்க ஜூலைலயும் "காலை 9 மணி ஈஎஸ்டி"ன்னு எழுதுறது. ஈஎஸ்டின்னா அவங்க கிழக்குப் பகுதியோட குளிர்கால நேரம், -5:00, ஜூலைல ஈடிடி, கோடை நேரம், -4:00. எழுத்துப்படி நடந்தா நான் ஒரு மணி நேரம் லேட்டா கால்ல சேருவேன். ஒருக்கா வேணும்னே சேந்தேன், மேனேஜர் ரசிக்கல.

நமக்கு இதெல்லாம் புரியாததுல ஆச்சரியம் இல்லை, சென்னைல ரொம்ப நீளமான பகலுக்கும் ரொம்பக் குட்டிப் பகலுக்கும் வித்தியாசமே ஒன்னரை மணி நேரம்தான், நியூஜெர்சில கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். நமக்கு கடிகாரத்தைத் தள்ளி ஆகப்போறது ஒன்னும் இல்லை.

எங்க ஷெட்யூலரை யூடிசிக்கு மாத்திட்டோம். பில் போகுறது குளிர்காலத்துல அவங்க மணிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போகுது, கிளையன்ட் அதுக்கும் ஒரு டிக்கெட் (புகார்) போட்டிருக்காரு. பேரனுக்கு மிதுன லக்னம்னு புது கட்டம் எழுதி வந்தாச்சு, ஜோசியர் ஓரத்துல "கோடை நேரம் கழித்தது"ன்னு எழுதி அடிக்கோடு போட்டிருக்காரு. அம்மா ஹால்ல அமெரிக்கா டைம்னு ரெண்டாவது கடிகாரம் ஒன்னு மாட்டியிருக்காங்க, நவம்பர்ல அதை மாத்துறதுக்கு ஸ்டூல் மேல ஏற சோம்பேறித்தனப்பட்டு கீழ ஒரு சீட்டு ஒட்டி வெச்சிருக்காங்க: "தீபாவளிக்கு அப்புறம் ஒரு மணி கம்மியா பாக்கவும்". தீபாவளி அக்டோபர்ல வந்தா என்னம்மா பண்ணுவன்னு கேட்டேன். அக்கா போனை எடுக்கலன்னா தெரிஞ்சுக்குவேங்குறாங்க.