ஈரத்துணி

ஜூன் 2
அப்பாவை வார்டுக்கு மாற்றியாயிற்று. வீடு வந்து சேர மணி 11. அப்பாவின் களிமண் சிலைக்குத் துணி நனைக்கவில்லை.

ஜூன் 3
நினைத்தபடியே காதுக்குப் பின்னால் வெடிப்பு. இந்த வெயிலில் ஒரு ராத்திரி விட்டாலே போதும். தண்ணீர் தெளித்து, பழைய வேட்டியை நனைத்துச் சுற்றி, மேலே பாலித்தீன் கட்டினேன். வெடிப்பு பரவாயில்லை, பூசிவிடலாம். கழுத்துதான் சரியாக வரவில்லை.

ஜூன் 5
ரிசல்ட் வரவில்லை.

ஜூன் 8
ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மெரினா. வாலாஜா சாலை முனையில் இறங்கி, உழைப்பாளர் சிலையைச் சுற்றி வந்தேன். எல்லோரும் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் வேலை முழுக்க முதுகில்தான் இருக்கிறது. மல்யுத்தம் பழகியவர். பாரம் எங்கே ஏறி எந்த வழியாக இறங்கும் என்பது உடம்பில் பட்டவனுக்குத்தான் தெரியும். 1929இல் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமையேற்க வந்தவர் 1957 வரை இங்கேதான் இருந்தார். மாடலுக்கு வெளியே அலையவில்லை, பள்ளிக் காவலாளியையும் ஒரு மாணவரையும் நிற்க வைத்துக்கொண்டார் என்பார்கள்.

உழைப்பின் வெற்றி என்று பெயர். 1959இல் நிறுவியது. பாறை அசைந்த மாதிரி தெரியவில்லை.

அப்பா முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர். இதே இடத்தில் ஒருமுறை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இதுக்கு நாலு பேர் எதுக்கு? ரெண்டு பேர் போதும்” என்றார்.

ஜூன் 9
வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் தாழ்வு. அது வந்துவிட்டது.

ஜூன் 12
கழுத்து. மார்ச்சில் ஆரம்பித்தபோது பிடரியில் மூட்டை உட்காரும் இடம் தடித்துக் கிடந்தது. கட்டைவிரலால் களிமண்ணை அப்பி அப்பி அதைக் கொண்டுவந்தேன். இன்று சட்டை மாற்றிவிடும்போது பார்த்தேன், அந்தத் தடிப்பு இல்லை. தோல்தான் மடிந்து தொங்குகிறது. வீட்டுக்கு வந்து கொஞ்சம் வழித்தேன். மறுபடி அப்பினேன். மறுபடி வழித்தேன். மணி 2. வழித்தால் நானே அவரை இளைக்க வைப்பது போல இருக்கிறது. விட்டால் பொய். எதிரில் இருப்பதைச் செய் என்றுதான் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். எதிரில் இருப்பது தினமும் மாறுகிறதே சார்.

ஜூன் 13
துணி நனைத்தேன்.

ஜூன் 15
சௌத்ரி பிறந்த நாள். 1899. தில்லியில் இருக்கும் அவருடைய தண்டி யாத்திரைச் சிலை, 11 உருவங்கள், அவர் 1975இல் இறந்த பிறகுதான் நிறுவப்பட்டது. இதை ஏன் இன்றைக்கு நினைக்கிறேன்.

ஜூன் 16
“காயாம பாத்துக்கறியா?” என்றார் அப்பா. எதைக் கேட்கிறார் என்று ஒரு நொடி புரியவில்லை.

ஜூன் 18
ரிசல்ட் வந்தது. கழுத்தைத் தொடவில்லை. மார்ச் மாதத்துக் கழுத்தே இருக்கட்டும்.

ஜூன் 20
அச்சு எடுத்தேன். உச்சந்தலை வழியாகக் காதுக்குப் பின்னால் அச்சு இரண்டாகப் பிரிய வரிசையாகத் தகடு செருகி, பிளாஸ்டரின் முதல் பூச்சில் சொட்டு நீலம் கலந்து அடித்தேன். கடைசியில் அச்சை உடைக்கும்போது நீலம் தெரிந்தால் உள்ளே வார்த்த சிலை நெருங்கிவிட்டது, உளியை மெதுவாக்க வேண்டும், அதற்குத்தான். உள்ளே இருக்கும் களிமண் மிஞ்சாது, தோண்டித்தான் எடுக்க வேண்டும். இனி நனைக்க ஒன்றும் இல்லை. வேட்டியைத் துவைத்துக் காயப் போட்டேன்.

நடுவில் தம்பி மூன்று முறை கூப்பிட்டிருக்கிறான். பிளாஸ்டர் இறுக ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. இப்போதுதான் கை கழுவிவிட்டு வந்தேன். கூப்பிட்டால் எடுக்க மாட்டேன் என்கிறான்.