61 மி.மீ.

புற்றுநோய் மருந்து ஆய்வுகளில் டேட்டா மேனேஜர் வேலைக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. எத்தனையோ எண்களைச் சரிபார்த்திருக்கிறேன். மனதை விட்டுப் போகாதது ஒன்றுதான்: 61.

ஒரு நோயாளி ஆய்வில் சேர்ந்தபோது அவருடைய கட்டிகளின் விட்டங்களைக் கூட்டினால் 82 மில்லிமீட்டர். அடுத்த ஸ்கேனில் 50. எல்லோருக்கும் சந்தோஷம். அதற்கடுத்த ஸ்கேனில் 61. படிவத்தில் ‘நோய் கட்டுக்குள் இருக்கிறது’ என்று எழுதியிருந்தது. 82-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 61 குறைவாகத்தானே தெரியும்?

ஆனால் கட்டிகளின் அளவை வைத்து மருந்து பலன் தருகிறதா என்று மதிப்பிட, 2009-ல் வெளிவந்த ரெசிஸ்ட் 1.1 விதி அப்படிச் சொல்லவில்லை. கட்டி சுருங்கியதா என்று பார்க்க ஆரம்ப அளவோடு ஒப்பிட வேண்டும். வளர்ந்ததா என்று பார்க்க, அதுவரை பதிவானதிலேயே மிகக் குறைந்த அளவோடு ஒப்பிட வேண்டும். கூட்டுத்தொகை அதைவிட 20 சதவீதமாவது கூடி, அந்தக் கூடுதல் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருந்தால் நோய் முற்றுகிறது என்று பொருள். 50-லிருந்து 61 என்பது 22 சதவீதம். இது என் கண்ணில் பட்டபோது மூன்று வாரம் ஓடிவிட்டது. அதற்குள் அவருக்கு, பலன் தராத அதே மருந்து இன்னொரு சுற்று ஏறியிருந்தது.

யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. அந்த எண் வந்த வழியைத் தேடிப் போனேன். ரேடியாலஜிஸ்ட் தன் அறிக்கையில் ஒரு வாக்கியத்துக்குள் எழுதுகிறார். ஆய்வு ஒருங்கிணைப்பாளர் அதைத் தாளில் குறிக்கிறார், பிறகு எக்செல்லில் போடுகிறார், கடைசியாக ஆய்வின் மென்பொருளில் ஏற்றுகிறார். ஒரே எண்ணை நான்கு இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அவர் கையில் ஐந்து ஆய்வுகள். ஐந்துக்கும் தனித்தனி மென்பொருள், தனித்தனி பாஸ்வேர்டு. நேரம் கிடைக்கும்போது மொத்தமாக உட்கார்ந்து ஏற்றுகிறார். நான் க்வெரி, அதாவது பதிவிலுள்ள சந்தேகத்தைக் கேட்கும் கேள்வி, அனுப்பும்போது அந்த நோயாளியின் முகம்கூட அவருக்கு மங்கியிருக்கும். அந்த எக்செல்லில் ஆரம்ப அளவுக்கு ஒரு கட்டம் இருந்தது. குறைந்தபட்ச அளவுக்கு இல்லை.

நாங்கள் புது மென்பொருள் எதுவும் வாங்கவில்லை. ஒரு பக்கப் படிவம் போட்டோம். அளவெடுக்கும் கட்டிகள் அதிகபட்சம் ஐந்து, ஓர் உறுப்பில் இரண்டுக்கு மேல் கிடையாது என்பதால் ஒரு பக்கமே தாராளம். ஒவ்வொரு கட்டிக்கும் கடைசிவரை மாறாத எண், எந்த உறுப்பு, ஸ்கேனின் எத்தனையாவது படத்தில் அளந்தது என்ற குறிப்பு. ரேடியாலஜிஸ்ட் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டே நிரப்புகிறார். இதற்கு முன் ஓர் அறிக்கையில் கல்லீரலின் ‘இரண்டாவது கட்டி’ என்றது, அடுத்த அறிக்கையில் வேறொரு கட்டியாக இருந்ததுண்டு. அளந்தவர் மாறினால் எண்ணும் மாறிவிடும். குறைந்தபட்சக் கூட்டுத்தொகையை இப்போது ஆய்வின் மென்பொருளே கணக்கிட்டு, புது எண்ணுக்குப் பக்கத்தில் காட்டுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்து கீமோ ஒரு வாரம் தள்ளிப்போனால், ஸ்கேனையும் சேர்த்துத் தள்ளிவிடுவது பழக்கமாக இருந்தது. ஆய்வை நடத்தும் முறையை வகுக்கும் புரோட்டோகால், ஸ்கேன் எட்டு வாரத்துக்கு ஒருமுறை என்று சொன்னால், பெரும்பாலும் அது ஆய்வில் சேர்ந்த நாளிலிருந்து எண்ண வேண்டிய எட்டு வாரம். மருந்துச் சுற்றோடு அதற்குச் சம்பந்தமில்லை. பக்கவிளைவு அதிகமுள்ள மருந்தைப் பெறுபவர்களுக்கு ஸ்கேன் தள்ளிக்கொண்டே போனால், அவர்களுக்கு நோய் தாமதமாக முற்றியதுபோலக் கணக்கு காட்டும். மருந்து உண்மையில் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். இதனால் சேரும் நாளன்றே ஒரு வருடத்து ஸ்கேன் தேதிகளை எழுதி, நோயாளி கையிலும் ஒரு பிரதி கொடுத்துவிடுகிறோம்.

மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து ஆய்வு மென்பொருளுக்கு டேட்டா நேராகப் பாய வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கும் அதுதான் ஆசை. சிடிஸ்க், எம்கோட் போன்ற பொதுவான தர வடிவங்களும் இருக்கின்றன. ஆனால் அளவு ஒரு வாக்கியத்துக்குள் புதைந்து கிடக்கும்வரை, குழாய் போட்டாலும் அந்த வாக்கியம்தான் வந்து சேரும். எண் பிறக்கும் இடத்திலேயே எண்ணாகப் பிறக்க வேண்டும்.

இப்போது ஸ்கேன் நடந்த அன்று மாலைக்குள் படிவம் ஏறவில்லை என்றால் க்வெரி அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில்லை. ஃபோனை எடுத்துவிடுகிறேன். “இன்னைக்கு அளவு என்ன வந்துது, சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்” என்பேன். ஒருங்கிணைப்பாளரும் அப்போதே படிவத்தை எடுத்து வாசிப்பார்.